பிள்ளை நம்ம மதத்துல நிலைப்பானா? பெற்றோர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

பாளையங்கோட்டையில் 31 வருடம் தமிழாசிரியையாக இருந்தேன். இந்த ஊர் வகுப்பறையில் திருநீறும் சிலுவை டாலரும் தொப்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். பெற்றோர் கூட்டத்தன்று மார்க்கைப் பற்றிப் பேசி முடித்த பிறகும் சிலர் எழுந்து போகமாட்டார்கள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "டீச்சர், இன்னொண்ணு கேக்கணும்" என்று குரலைத் தாழ்த்துவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அதே கேள்விகள் கல்யாண வீட்டிலும் போனிலும் வருகின்றன. கேட்பவர் இந்துவானாலும் முஸ்லிமானாலும் கிறிஸ்தவரானாலும் கவலை ஒன்றுதான். அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள், தினமும் விளக்கேற்றுகிறவள். என் இளைய மகனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இரண்டையும் தெரிந்துகொண்டு படியுங்கள்.

பொதுவா பிள்ளைங்க வளர்ந்த மதத்துலேயே இருப்பாங்களா, விட்டுடுவாங்களா?

இந்தியாவில் கிட்டத்தட்ட எல்லோரும் இருந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை நம் நாட்டில் சுமார் 30,000 பேரிடம் கேட்டது. இந்துவாக வளர்ந்தவர்களில் 99 சதவீதம் பேர் இப்போதும் இந்து என்றே சொன்னார்கள். முஸ்லிமாக வளர்ந்தவர்களில் 97, கிறிஸ்தவராக வளர்ந்தவர்களில் 94 சதவீதம் பேர் அப்படியே இருந்தார்கள். வெளியே நிலைமை வேறு. அதே மையம் 2025இல் வெளியிட்ட கணக்குப்படி தென்கொரியாவில் பெரியவர்களில் பாதிப்பேர் தாங்கள் வளர்ந்த மதத்தில் இப்போது இல்லை.

ஆனால் இந்த 99ஐப் பார்த்து நிம்மதியாகிவிட முடியாது. "உங்கள் மதம் என்ன?" என்ற கேள்விக்கு ஒருவர் என்ன சொல்கிறார் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. என் இளைய மகனிடம் கேட்டிருந்தால் அவனும் "இந்து" என்றுதான் சொல்லியிருப்பான்.

பையன் பிளஸ் ஒன் போனதுல இருந்து கோயிலுக்கு வரமாட்டேங்கிறான். மதத்தை விட்டுட்டான்னு அர்த்தமா?

மதம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: பெயர், பழக்கம், நம்பிக்கை. சான்றிதழில் இருப்பது பெயர். வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிறு ஆராதனை, ரமலான் நோன்பு எல்லாம் பழக்கம். இரவு விளக்கை அணைத்த பிறகு தனியாக இருக்கும்போது மனதில் இருப்பது நம்பிக்கை. மூன்றும் சேர்ந்தே போகவேண்டும் என்பதில்லை. பதினாறு வயதில் பெரும்பாலும் பழக்கம்தான் முதலில் தளரும். டியூஷன், தூக்கம், அப்பா அம்மாவோடு வெளியே போகக் கூச்சம் என்று அதற்குக் காரணங்கள் பல.

மாறாக, பழக்கம் அப்படியே இருக்க நம்பிக்கை மட்டும் போயிருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் பற்றி ஒரு பெற்றோரும் என்னிடம் வந்து கேட்டதே இல்லை. அடுத்த பதிலில் அப்படி ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

எதுக்கெடுத்தாலும் கேள்வி கேக்குறான் டீச்சர். இப்படியே விட்டா நாத்திகனாயிடுவானே?

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "அந்த மூணு நாள் சாமி ரூமுக்குள்ள போகக்கூடாதுன்னு அம்மா சொல்றாங்க. சாமிதானே டீச்சர் நம்மள இப்படிப் படைச்சது?" வீட்டில் கேட்டாயா என்றேன். கேட்டதற்கு "வாய் நீளுது" என்று பதில் வந்ததாம். அதோடு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகும்போது வந்து சொன்னாள், மூன்று வருடமாக எதையும் நம்பவில்லை என்று. அன்றும் நெற்றியில் குங்குமம் இருந்தது. அவள் அம்மா அதே வருடம் என்னிடம், "எம்பொண்ணு பக்தி விஷயத்துல குறையே கிடையாது" என்று பெருமையாகச் சொல்லியிருந்தார்.

கேள்வி கேட்கும் பிள்ளை இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. உங்களிடம் பதில் இருக்கிறது என்று நினைப்பதால்தான் கேட்கிறது. பதில் தெரியாவிட்டால் "எனக்கும் தெரியல, எங்கம்மா சொன்னாங்க, நானும் செஞ்சேன்" என்று சொல்லலாம். அது உண்மையான பதில். பிள்ளைகள் அதை மதிப்பார்கள் என்பதை நான் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

அவங்கப்பா கோயில் வாசலையே மிதிக்க மாட்டார். நான் மட்டும் சொல்லிக் கொடுத்தா நிக்குமா?

தெற்குக் கலிஃபோர்னியாவில் வெர்ன் பெங்ட்சன் என்ற சமூகவியலாளர் 1970இல் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேலாக 350க்கும் அதிகமான குடும்பங்களை, தாத்தா முதல் கொள்ளுப்பேரன் வரை, தொடர்ந்து கவனித்தார். அப்பா எவ்வளவு பக்திமான், எவ்வளவு கண்டிப்பானவர் என்பதைவிட, பிள்ளை அவரிடம் எவ்வளவு நெருக்கமாக உணர்ந்தது என்பதே பெரிதாக இருந்தது. ஒட்டுதல் இல்லாத அப்பாவின் பக்தி அவ்வளவாகப் பிள்ளைக்கு இறங்கவில்லை. தாத்தா பாட்டிக்கும் நல்ல பங்கு இருந்தது.

அது அமெரிக்கக் கணக்கு, பெரும்பாலும் கிறிஸ்தவ, யூதக் குடும்பங்கள். அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் நம் வீடுகளில் நம்பிக்கை ஆச்சியின் மடியில்தானே வளர்ந்தது? உங்கள் கணவர் கோயிலுக்கு வராதது ஒரு பெரிய தடை இல்லை. பிள்ளை முன்னால் உங்கள் நம்பிக்கையைக் கேலி செய்கிறாரா என்று மட்டும் பாருங்கள். செய்தால் அவரிடம் தனியாகப் பேசுங்கள்.

ஏழு வருஷம் ஓத அனுப்பினோம். குர்ஆனை முடிச்ச பையன். இப்ப வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கே போக மாட்டேங்கிறான். எங்க தப்பு?

தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அனுப்புவது வேறு, கூட இருப்பது வேறு. குர்ஆன் ஓதச் சொல்லித்தரும் மக்தப், ஞாயிறு பள்ளி, தேவார வகுப்பு எல்லாவற்றிலும் இதைப் பார்க்கிறேன். பிள்ளை வரிகளை மனப்பாடம் செய்துவிடுகிறது. அந்த வரி வீட்டில் யாருக்காவது என்றைக்காவது ஆறுதலாக இருந்ததைப் பார்த்திருக்கிறதா என்றால், பல வீடுகளில் இல்லை.

மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு மாணவன் 'எனக்குப் பிடித்த ஓசை' என்ற கட்டுரையில், விடியும் முன் வாப்பா தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளு எடுக்கும் தண்ணீர்ச் சத்தத்தை எழுதியிருந்தான். போர்வைக்குள் படுத்தபடி அந்தச் சத்தம் கேட்கும், வாப்பா எழுந்துவிட்டார் என்று தெரியும், மறுபடி தூங்கிவிடுவேன் என்று எழுதியிருந்தான். வாப்பா அவனை எழுப்பினதில்லையாம். இப்போது அவனுக்கு முப்பது வயதுக்கு மேல், வளைகுடாவில் வேலை. ஊருக்கு வரும்போது வீட்டில் முதலில் எழுவது அவன்தான் என்று அவன் தாயார் சொன்னார்.

வெளியூர் காலேஜ்ல சேர்த்ததுதான் தப்பாப் போச்சோ? வெளிநாடு போனா சுத்தமா விட்டுடுவாங்களாமே?

ஹாஸ்டல் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. வீட்டில் இருந்ததை வெளியே தெரியவைக்கிறது. அம்மா எழுப்பியதால் கோயிலுக்குப் போனவன், எழுப்ப ஆளில்லாத இடத்தில் போகமாட்டான்.

வெளிநாட்டைப் பற்றிய பயம் கொஞ்சம் மிகை. அமெரிக்காவில் 2023-24இல் எடுத்த கணக்கில் பெரியவர்களில் 35 சதவீதம் பேர் வளர்ந்த மதத்தில் இல்லை. ஆனால் அங்கே இந்துவாக வளர்ந்தவர்களில் 82 சதவீதமும் முஸ்லிமாக வளர்ந்தவர்களில் 77 சதவீதமும் அதிலேயே இருந்தார்கள். கத்தோலிக்கராக வளர்ந்தவர்களில் 57 சதவீதம்தான்.

எங்க பொண்ணு சிஎஸ்ஐ சபையை விட்டுட்டு பெந்தெகொஸ்தே சபைக்குப் போறா. இதுவும் மதம் மாறுறதுதானா?

நெல்லையில் எனக்கு மிக அதிகமாக வந்த கேள்வி இதுதான். முதல் பதிலில் சொன்ன இந்தியக் கணக்கெடுப்பில் இது மதமாற்றமாக வராது, அவள் கிறிஸ்தவள்தான். ஆனால் இந்த வலி சின்னதில்லை. சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள்; விவரம் தெரிந்த வயதில் பிள்ளையே அதை உறுதிசெய்வது திடப்படுத்தல். பெந்தெகொஸ்தே சபையில் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. வளர்ந்தவர் தானே முடிவெடுத்துத் தண்ணீரில் முழுக வேண்டும். மகள் இரண்டாவது முறை முழுக்கு எடுக்கும்போது, "அப்ப நாங்க உன்னைத் தூக்கிட்டுப் போய்க் கொடுத்தது ஒண்ணுமில்லையா?" என்று பெற்றோருக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஒரு தாயார் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் காட்டினார். உள்ளே ஒரு ஜோடி கம்மல். சபையில் நகை போடக்கூடாது என்று மகள் கழற்றிக் கொடுத்தது. இவருக்கு அவர் அம்மா போட்டுவிட்ட கம்மல் அது. "சபையப் பத்திக்கூடக் கவலை இல்ல டீச்சர், இதை எங்க வைக்கிறதுன்னு தெரியல" என்றார். நான் சொன்னது ஒன்றுதான்: மகளிடம் சபையைப் பற்றி வாதாடாமல், இந்தக் கம்மலைப் பற்றி மட்டும் பேசுங்கள். பேசினாரா என்று எனக்குத் தெரியாது.

யாரோ ஏமாத்தித்தான் கூட்டிட்டுப் போயிருக்காங்க. வேற எப்படிப் போவாங்க?

ஏமாற்று நடப்பதே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எடுத்த எடுப்பில் அதை நினைக்காதீர்கள். முதல் பதிலில் சொன்ன கணக்கெடுப்பில், இந்துவாக வளர்ந்து கிறிஸ்தவரானவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பட்டியல் சாதியினர். முக்கால்வாசிப் பேர் தென்னிந்தியாவில் இருக்கிறவர்கள். இதற்கு யாரும் விளக்கம் சொல்லித்தரத் தேவையில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1898இல், அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தரானார். 1981இல் அன்றைய நெல்லை மாவட்டத்தின் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் திரளாக இஸ்லாத்துக்குப் போனார்கள். தேரிழுக்கவும் தெருவில் நடக்கவும் தடை இருந்த இடத்திலிருந்து பிள்ளை எழுந்து போனால், அதைச் சபலம் என்றோ ஏமாளித்தனம் என்றோ சொல்ல எனக்கு வாய் வராது.

பதினெட்டு வயசாச்சு, மாறப் போறேங்கிறா. சட்டப்படி தடுக்க முடியுமா?

முடியாது. அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மனச்சான்றின் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. கேரளத்தின் ஹாதியா வழக்கு உங்களுக்கு நினைவிருக்கலாம். சேலத்தில் ஹோமியோபதி படித்த பெண். இஸ்லாத்தைத் தழுவித் திருமணமும் செய்துகொண்டார். தந்தை வழக்குப் போட, கேரள உயர்நீதிமன்றம் திருமணத்தை ரத்து செய்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி, வயதுவந்த பெண்ணின் நம்பிக்கையும் துணையும் அவர் விருப்பம் என்றது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும் 2004இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

போலீஸ் நிலையத்துக்குப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். பிள்ளை மனம் மாறவில்லை. வீட்டுக்கு வருவதுதான் நின்றது.

மதம் மாறினா சொத்துல பங்கு போயிடுமா? சாதிச் சான்றிதழ் என்னாகும்?

மாறியவரின் பங்கு போகாது. 1850இலேயே ஒரு சட்டம் அதைக் காத்தது. சிக்கல் அடுத்த தலைமுறையில். இந்து வாரிசுரிமைச் சட்டம் 26ஆவது பிரிவின்படி, இந்து மதத்திலிருந்து மாறிய பிறகு அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள், சொத்துக்காரர் இறக்கும் நேரத்தில் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. பேரனுக்குச் சேரவேண்டும் என்று தாத்தா நினைத்தால், தன் பங்குக்கு உயில் எழுதி வைப்பது நல்லது.

பட்டியல் சாதித் தகுதி 1950ஆம் வருட ஆணைப்படி நடக்கிறது. முதலில் இந்துக்களுக்கு மட்டும், 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ மாறினால் அந்தத் தகுதி போய்விடும். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். திரும்பி வந்தால், அந்தச் சமூகம் தங்களை ஏற்றுக்கொண்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. நான் வக்கீல் இல்லை. உங்கள் வீட்டு விஷயத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

நாங்க ரெண்டு மதம். பிள்ளைக்கு ஸ்கூல்ல என்னன்னு போடுறது? எதுல வளர்க்கிறது?

பள்ளிப் படிவத்தில் சாதி, மதம் இரண்டையும் வெற்றாக விட 1973இலேயே தமிழ்நாடு அரசு அனுமதித்திருக்கிறது. சில அலுவலகங்களில் தெரியாத மாதிரி இருப்பார்கள். பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் இடஒதுக்கீடு வேண்டுமென்றால் அது எதில் வரும் என்பதையும் யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

வளர்ப்பதைப் பொறுத்தவரை, "பெரியவனானதும் அவனே தேர்ந்தெடுக்கட்டும்" என்று இரண்டையும் ஒளித்து வைக்கிற வீடுகளைவிட, இரண்டையும் கண்முன்னே வைத்திருக்கிற வீடுகள் எனக்குப் பிடிக்கும். என்னிடம் படித்த ஒரு பையன் கிறிஸ்துமஸுக்கு அப்பாவோடு ஆலயத்துக்கும், பங்குனி உத்திரத்துக்கு அம்மாவழிச் சாஸ்தா கோயிலுக்கும் போவான். இரண்டு இடத்திலும் அவனுக்கு ஆள் தெரியும். பெரியவனாகி எதைப் பிடித்தாலும் விட்டாலும், தெரிந்துதான் செய்வான்.

நம்பிக்கையே இல்லாதவன் சடங்குல நிக்கலாமா? அது பொய் வேஷம் இல்லையா?

என் மாமியார் இறந்தபோது, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கவேண்டும் என்றார்கள். இளையவன் என்னைப் பார்த்தான். "உனக்கு வேணாம்னா வேணாம்" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு வந்தான். பந்தத்தைப் பிடித்துக்கொண்டு ஆச்சியைச் சுற்றி வரும்போது உருகிய நெய் வழிந்து அவன் மணிக்கட்டில் விழுந்தது. கையை மாற்றவில்லை. இரவு மருந்து போடும்போது சொன்னான்: "எனக்குச் சாமி இல்லம்மா. ஆச்சி இருந்தாங்கள்ல."

அது வேஷம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவனை வற்புறுத்தி நிறுத்தியிருந்தால் வேஷமாகியிருக்கும். இரண்டாவது பதிலில் சொன்ன பெயர், பழக்கம், நம்பிக்கை மூன்றோடு உறவு என்று நான்காவது ஒன்றையும் அன்றுதான் சேர்த்துக்கொண்டேன். நம் குலதெய்வக் கோயில்களில் பிள்ளைக்கு முடியிறக்க வருகிறவர்களில் பாதிப்பேரை இழுத்து வருவது அதுதான்.

போனவங்க திரும்பி வருவாங்களா?

வருவார்கள், வராமலும் இருப்பார்கள். நம் மொழியிலேயே இதற்குப் பெரிய கதை இருக்கிறது. சைவக் குடும்பத்தில் பிறந்த மருள்நீக்கியார் சமணத்துக்குப் போய்த் தருமசேனராக உயர்ந்தார். அக்கா திலகவதியார் திருவதிகையில் கோயில் திருப்பணி செய்துகொண்டு இருந்தார். தம்பிக்குச் சூலை நோய் வந்து ஆளனுப்பியபோது, சமணர் மடத்துக்கு வரமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். தன் எல்லையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் தம்பியே இரவில் தேடி வந்தபோது "ஏன் போனாய்?" என்று கேட்காமல் திருநீறு கொடுத்தார். தம்பி திருநாவுக்கரசரானார்.

இதைப் படிக்கிற சமணர் ஒருவருக்கு இதே கதை ஒரு பிள்ளையை இழந்த கதை. அதையும் வகுப்பில் சொல்லித்தான் பாடம் நடத்துவேன். திலகவதியாரிடம் நான் எடுத்துக்கொள்வது ஒன்று: தம்பி எங்கே தேடி வரவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அப்ப பேச்சுவார்த்தையை நிறுத்துறது தப்பா? கொஞ்ச நாள் பேசாம இருந்தா வழிக்கு வருவாங்கன்னு சொல்றாங்களே?

தப்பு. முந்தின பதிலைப் பாருங்கள். கோபம் வந்தால் கோபத்தைச் சொல்லுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

மகனுக்கு நம்பிக்கை இல்ல. பேத்திக்கு நாங்க சாமி கதை சொல்லிக் கொடுக்கலாமா?

முதலில் மகனிடம் கேளுங்கள். அவன் பிள்ளை, அவன் வீடு. அவனுக்குத் தெரியாமல் திருநீறு பூசிவிட்டு, அவன் வரும்போது துடைத்துவிடுவது வேண்டாம். பிள்ளைக்கு அதில் பதியப்போவது பக்தி இல்லை, ஒளிப்பு. நான் என் மகனிடம் கேட்டேன். "கதை சொல்லுங்க. பயமுறுத்தாதீங்க. 'சாமி கண்ணைக் குத்தும்' மட்டும் வேண்டாம்" என்றான். ஒத்துக்கொண்டேன்.

நெய்ப்பந்தம் பிடித்த அதே மகன்தான். பேத்திக்கு ஐந்து வயது. ஊருக்கு வரும்போதெல்லாம் நெல்லையப்பர் கோயிலில் காந்திமதி யானையைப் பார்க்காமல் போகமாட்டாள். 2025 ஜனவரியில் காந்திமதி இறந்துபோனது. போனில் படம் பார்த்துவிட்டு, "யானை சாமிகிட்ட போயிடுச்சாப்பா?" என்று அவனிடம் கேட்டிருக்கிறாள். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லையாம். அப்புறம் என் எண்ணைப் போட்டு, போனை அவள் கையில் கொடுத்து, "இதை ஆச்சிகிட்ட கேளு" என்றிருக்கிறான்.